சொவெட்டோவுக்கு அரை நாள் ஒதுக்கியிருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்குக் குழுவாகச் சுற்றுலா வரும் அன்பர்களுக்கு,



உங்கள் பயணத் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. குரூகர் காட்டில் சிங்கமும் யானையும், சன் சிட்டியில் ஓர் இரவு, கேப் டவுனில் டேபிள் மலையும் பெங்குவின்களும். நடுவே ஜொகன்னஸ்பர்க்குக்கு ஒரே வரி: ‘காலை: சொவெட்டோ அரை நாள் சுற்று. மதியம்: ஷாப்பிங்.’ அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். பிழைப்புக்காக இந்த ஊரில் தங்கியிருப்பவன் நான். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குழுவோடு வந்தால் அந்த வேனில் ஓர் ஓரத்து இருக்கை எனக்கும் கிடைக்கும். கைடு பேசுவதைவிட நம் ஆட்கள் பேசுவதைக் கேட்கவே சில சமயம் போவேன்.

அரை நாளில் ஒரு நாட்டின் வரலாறு எப்படிப் புரியும் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த அரை நாளையும் ஹோட்டலில் தூங்கிக் கழிப்பவர்கள். நாலைந்து மணி நேரம் குறைவான நேரமில்லை; அதை எங்கே செலவழிக்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. என் வேண்டுகோள் ஒன்றுதான். வெள்ளைக்காரன் கறுப்பனுக்குச் செய்த கொடுமை என்று இரண்டே பாத்திரம் உள்ள நாடகமாக இதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அபார்ட்தைட் என்ற இனஒதுக்கல் ஆட்சி ஓர் ஏணியைக் கட்டியது. அதன் நடுப்படி ஒன்றில் நம் முகச்சாயல் கொண்டவர்களை நிறுத்தியது. அந்தப் படியில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் இந்தச் சுற்று நமக்குச் சுற்றுலாவைத் தாண்டி ஏதாவது ஆகும்.

சாண்டன் பக்கத்து ஹோட்டல்களிலிருந்து கிளம்பும் வேன் தெற்கே போகப் போக, மஞ்சள் நிற மண்மேடுகள் தென்படும். யாராவது ஒருவர் அவற்றை மலை என்று நினைத்து மொபைலை எடுப்பார். 1886-இல் இங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து தோண்டித் தோண்டிக் கொட்டிய சுரங்கக் கழிவு அது. ஊருக்கும் சொவெட்டோ போன்ற கறுப்பர் குடியிருப்புகளுக்கும் நடுவே இவை வரப்புபோலக் கிடக்கின்றன. சுரங்கத்துக்கும் சமையலறைக்கும் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் இரவில் பக்கத்தில் படுக்கக் கூடாது. நகரத்தின் வரைபடமே இந்தக் கணக்கில் போடப்பட்டதுதான்.

இங்கேயே கைடிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சொவெட்டோ எப்போது தொடங்கியது? பலர் 1930களில் ஒர்லாண்டோவில் கட்டிய வீடுகளிலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள். கதை அதற்கும் முந்தியது. 1904-இல் நகரின் மேற்கே ‘கூலி லொக்கேஷன்’ என்று அதிகாரிகள் அழைத்த குடியிருப்பில் பிளேக் பரவியது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அந்த நாளில் இங்கே வக்கீலாக இருந்த காந்தி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார் என்பது நம் பாடப்புத்தகங்கள் வரை வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாக வரவில்லை. ஆட்களை வெளியேற்றிவிட்டு நகராட்சி அந்தக் குடியிருப்பை எரித்தது. அவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம் தென்மேற்கே பல மைல் தள்ளி, கழிவுநீர்ப் பண்ணையை ஒட்டிய கிளிப்ஸ்புரூட். பிற்பாடு பிம்வில் என்று ஆன அந்தப் பகுதிதான் சொவெட்டோவின் ஆதி. ஒரே தீயில் வீடிழந்தவர்கள் நாமும் ஆப்பிரிக்கர்களும். அதன்பின் இரு சாராரையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதற்கு அரசு அரை நூற்றாண்டு உழைத்தது.

1948 மே மாதத் தேர்தலில் டேனியல் மலானின் தேசியக் கட்சி வென்ற பிறகு அந்த உழைப்பு சட்டமாகவே வந்தது. 1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்று கோடு போட்டது. 1952-இல் ‘பாஸ் ஒழிப்பு’ என்று பெயர் சூட்டிய ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, கறுப்பர் ஒவ்வொருவரும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகத்தைத் திணித்தார்கள். பெயர் வைப்பதில் ஆட்சியாளர்களுக்கு எப்போதுமே ஒரு தைரியம் உண்டு. அந்தப் புத்தகத்தை மக்கள் ‘டொம்பாஸ்’, அதாவது முட்டாள் பாஸ் என்றார்கள். அது இல்லாமல் நகரத்தில் நடந்தாலே கைது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அதை எதிர்த்துக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் இந்த முறை 1986 வரை நீடித்தது.

நீங்கள் போகும் சுற்றுலாவுக்கே ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் சொவெட்டோவுக்கு வந்த அதிகாரபூர்வ பஸ்களை ஓட்டியது அரசு நிர்வாகமேதான். வெள்ளையர்கள் உள்ளே நுழைய அனுமதிச்சீட்டு வாங்க வேண்டிய காலத்தில், வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வந்து, பாருங்கள் எவ்வளவு ஒழுங்காக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று காட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு வரிசை வரிசையான தீப்பெட்டி வீடுகள் ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும். சொவெட்டோக்காரர்களே வழிகாட்டும் பயணங்கள் அதற்குப் பிறகு வந்தவை. ஆகவே பதிவு செய்யும்போது கைடு எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். அந்தத் தெருக்களில் வளர்ந்தவர் ஒருவர் பேசுவதற்கும், மனப்பாடம் செய்தவர் ஒருவர் ஒப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து நிமிடத்தில் காது கண்டுபிடித்துவிடும். வேனை விட்டு இறங்கி நடக்க வைக்காத சுற்றை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். கைடோடு பகலில் நடப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மொபைலைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அது எந்தப் பெருநகரத்துக்கும் பொருந்தும். நான் உண்மையில் பயப்படுவது நீங்கள் எடுக்கும் படங்களுக்குத்தான். கிளிப்டவுனில் தகரக் கொட்டகைகளுக்கு நடுவே குடிநீர்க் குழாயடியில் நிற்கும் ஒரு பெண்ணை, கேட்காமல் கொள்ளாமல், மூன்று பேர் சுற்றி நின்று படம் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, தன் மொபைலை எடுத்து எங்களைப் படம் எடுத்தாள். குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் வேனுக்குள் ஏறிவிட்டார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வாரி இறைப்பதும் வேண்டாம். கொடுக்க நினைத்தால் அங்கே கடை போட்டிருப்பவரிடம் எதையாவது வாங்குங்கள்.

அதே கிளிப்டவுனில்தான் 1955 ஜூன் 25, 26 தேதிகளில் நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 3,000 பிரதிநிதிகள் கூடி சுதந்திரப் பட்டயத்தை நிறைவேற்றினார்கள். இரண்டாம் நாள் போலீஸ் வந்து எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸோடு தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸும் அந்த மாநாட்டை நடத்தியது. இன்று போராட்டத் தலைவர் வால்டர் சிசுலுவின் பெயரால் அங்கே பெரிய சதுக்கம் இருக்கிறது. கவனிப்பில்லாமல் சிதைந்து கிடக்கிறது. கைடு அதைச் சொல்ல வெட்கப்பட்டால் நீங்களே கேளுங்கள். விடுதலைக்குப் பிந்திய ஆட்சியின் கணக்கும் இந்தச் சுற்றில் அடக்கம்.

ஒர்லாண்டோ அனல்மின் நிலையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அதிக நேரம் தர வேண்டாம். நடுவில் கயிறு கட்டிக் குதிக்கும் விளையாட்டு நடக்கிறது. உங்கள் குழுவின் இளவட்டங்கள் ஆசைப்பட்டால் குதிக்கட்டும். குதிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: சொவெட்டோவுக்குள் நின்ற இந்த நிலையம் ஜொகன்னஸ்பர்க்குக்குத்தான் மின்சாரம் அனுப்பியது. கோபுரத்தின் நிழலில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை 1980கள் வரை மெழுகுவர்த்தியிலும் நிலக்கரி அடுப்பிலும் காலம் தள்ளின.

நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒர்லாண்டோ வெஸ்ட். ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடத்துக்கு உங்கள் திட்டத்தில் அரை மணி ஒதுக்கியிருப்பார்கள். சண்டை போட்டாவது அதை இரட்டிப்பாக்குங்கள்.

என்ன நடந்தது என்பது சுருக்கமாக இது. கறுப்பர் பள்ளிகளில் கணக்கையும் சமூகப் பாடங்களையும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் நடத்த வேண்டும் என்று 1974-இல் ஆணை வந்தது. ஆசிரியர்களுக்கே அந்த மொழி சரியாக வராது. கறுப்பர் பள்ளிகளுக்காக 1953-இலேயே ‘பண்டுக் கல்வி’ என்று தனிச் சட்டம் போட்டு, ஒரு கறுப்புக் குழந்தைக்கு ஆகும் செலவை வெள்ளைக் குழந்தைக்கு ஆவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவில் வைத்திருந்தார்கள். இந்தியக் குழந்தைக்கான செலவு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. 1976 ஜூன் 16 காலையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளிச் சீருடையிலேயே ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. முதலில் விழுந்தவர்களில் ஒருவன் ஹேஸ்டிங்ஸ் ந்ட்லோவு. குண்டுபட்ட ஹெக்டருக்கு வயது 12. ஓவரால் போட்ட மகூபோ என்ற இளைஞன் அவனைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓட, அக்கா அந்துவானெட் பக்கத்தில் கையை உயர்த்திக் கதறிக்கொண்டே ஓடுகிற அந்தப் படத்தை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். செத்தவர்கள் 176 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 700 வரை சொல்கிறவர்கள் உண்டு.

படம் எடுத்தவர் ‘தி வேர்ல்ட்’ என்ற கறுப்பர் நாளிதழின் சாம் ந்சீமா. போலீஸ் கேமராவைப் பிடுங்குவார்கள் என்று தெரிந்து, படச்சுருளைக் காலுறைக்குள் ஒளித்து அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுநாள் உலகம் முழுக்க அந்தப் படம். அவருக்கோ போலீஸ் தொல்லை. ஜொகன்னஸ்பர்க்கையும் வேலையையும் விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தன் படத்தின் உரிமை அவர் கைக்கு வந்தது 1998-இல்தான். ஏந்தி ஓடிய ம்புயிசா மகூபோவின் கதி அதைவிடப் பரிதாபம். போலீசுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடினான். 1978-இல் நைஜீரியாவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதன்பின் அவனைப் பற்றிய தடயமே இல்லை. படத்தில் இருக்கும் மூன்று பேரில் ஒருவர் செத்துப்போனார், ஒருவர் காணாமல் போனார், மூன்றாமவர் அந்துவானெட் சிதோலே. பல ஆண்டுகள் இதே அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களிடம் பேசியவர் அவர்.

இந்தக் கதையில் எல்லாரும் கடந்துபோகும் ஒரு விஷயம் அந்தச் சிறுவனின் குடும்பப் பெயர். அவர்கள் குடும்பத்தின் பெயர் பிட்சோ. பீட்டர்சன் என்று மாற்றிக்கொண்டார்கள். காரணம், அந்தப் பெயரோடு ‘கலர்ட்’ என்று, அதாவது கலப்பினத்தவர் என்று, ஒப்புக்கொள்ளப்பட்டால் ஒரு படி மேலே போகலாம். கொஞ்சம் நல்ல பள்ளி, கொஞ்சம் நல்ல வேலை, கையில் பாஸ் இல்லாத வாழ்க்கை. பெயரை மாற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை குட்டி உள்ளவர்கள் யாராயிருந்தாலும் யோசித்திருப்பார்கள். ஏணியின் சாமர்த்தியம் அதில்தான் இருந்தது. கீழே இருப்பவன் ஏணியை உடைக்க வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னால் அடுத்த படியில் கால் வைக்கலாமா என்று பார்ப்பான். ஒருவர் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். கீழே விழுந்தால் ஒரு விதி, சிக்கி நின்றால் வேறு விதி. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் இனமும் தம்பிக்கு வேறோர் இனமும் எழுதிக் கொடுத்த கொடுமையெல்லாம் நடந்தது. ஆண்டுதோறும் எத்தனை பேர் இனம் மாற்றப்பட்டார்கள் என்று அரசே கணக்கு வெளியிட்டது. கலர்டிலிருந்து வெள்ளையர், இந்தியரிலிருந்து கலர்ட், சீனரிலிருந்து வெள்ளையர் என்று பட்டியல் போகும்.

பக்கத்திலேயே விலகாசி தெரு. ஜூலு மொழிக் கவிஞரும் பல்கலைக்கழக ஆசிரியருமான பெனடிக்ட் விலகாசியின் பெயர் அது. நினைவுப் பொருள் கடைகளின் சத்தத்தில் அவரை யாரும் விசாரிப்பதில்லை. மண்டேலா, டெஸ்மண்ட் டூட்டு என்று நோபல் பரிசு பெற்ற இருவர் வாழ்ந்த தெரு என்பதுதான் இப்போது அதன் பெருமை. 8115 என்ற இலக்கமுள்ள மண்டேலாவின் வீடு நம் ஊர் அரசு ஊழியர் குடியிருப்பு வீட்டைவிடச் சிறியது. 1946-இல் குடிவந்தார். 1990 பிப்ரவரியில் விடுதலையாகித் திரும்பியபோது 11 நாள்தான் இங்கே தங்க முடிந்தது. அந்த வீட்டை அதிகம் தாங்கியவர் அவருடைய மனைவி வின்னி. 1969 மே மாதம் அவரை இந்த வீட்டிலிருந்துதான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதைத் தொடர்ந்து நடந்த வழக்கில் வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று போலீஸ் கொண்டுவந்து நிறுத்திய ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாந்தி நாயுடு. தனிமைச் சிறையில் வைத்து, தூங்க விடாமல் விசாரித்து, பிறகு நீதிமன்றத்தில் ஏற்றினார்கள். கூண்டில் நின்று சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். 371 நாள் கழித்துத்தான் வெளியே வந்தார். இவருடைய தாத்தா, காந்தியோடு சத்தியாகிரகத்தில் பலமுறை சிறை போன தம்பி நாயுடு. மொரிஷியஸில் பிறந்த தமிழர். சாந்தியின் சகோதரர் இந்திரேஸ் ராபன் தீவில் பத்தாண்டு கிடந்தவர். இவர்களுடைய அம்மா மனோன்மணியை இயக்கத்தில் எல்லாரும், கறுப்பரும் வெள்ளையரும் சேர்த்தே, ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். டோர்ன்ஃபொன்டெய்ன், ராக்கி தெருவில் இருந்த அந்த வீட்டில் யார் எந்நேரம் வந்தாலும் சாப்பாடு இருக்கும். மண்டேலாவின் வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுக்கும்போது கைடிடம் இந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பழைய ஆளாயிருந்தால் முகம் மாறும்.

ஆனால் ஒரு நாயுடு குடும்பத்தை மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு ஊர் திரும்பிவிட முடியாது. அதனால்தான் அடுத்த யோசனை. பெரும்பாலான அரை நாள் சுற்றுகள் கடைசி ஒரு மணி நேரத்தை அபார்ட்தைட் அருங்காட்சியகத்தில் திணிக்கின்றன. 2001-இல் திறந்த அருமையான இடம். டிக்கெட்டிலேயே ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதவர்’ என்று அச்சடித்துத் தனித்தனி வாசல் வழியாக அனுப்புவார்கள். கணவன் ஒரு வாசலிலும் மனைவி ஒரு வாசலிலும் போக நேரும். நம் குழுக்களில் அங்கே சிரிப்பும் கூச்சலும்தான் அதிகம். ஒருமுறை அங்கே ஒரு கைடு சிரிக்காமல் கேட்டார், உங்கள் ஊரில் இப்படி வாசல்கள் இல்லையா என்று. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி அவர் படித்திருந்தார். குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. சூதாட்ட விடுதிக்கு உரிமம் வாங்குவதற்காகச் சமூகப் பொறுப்பாக ஒப்புக்கொண்டு கட்டிய அருங்காட்சியகம் அது என்பது ஒரு வேடிக்கை. பக்கத்தில் ராட்டினத்தில் கத்துகிறவர்களின் சத்தம் உள்ளே நிற்கும்போதும் சில சமயம் கேட்கும். மூன்று மணி நேரமாவது இல்லாமல் அங்கே போகாதீர்கள். வேறொரு நாள் தனியாகப் போங்கள்.

அதற்குப் பதிலாக நகருக்குள் இருக்கும் கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கு வேனைத் திருப்பச் சொல்லுங்கள். அதிபர் குரூகரின் காலத்துக் கோட்டை, பிறகு சிறை. கறுப்பர்களை அடைத்த பகுதிக்கு ‘நம்பர் ஃபோர்’ என்று பெயர். 1983-இல் மூடும் வரை அரசியல் கைதிகளோடு, பாஸ் இல்லாமல் தெருவில் பிடிபட்டவர்களும் கூட்டம் கூட்டமாக இங்கேதான் கொட்டப்பட்டார்கள். அந்த நாட்டுச் சிறைகளில் சாப்பாடும் இனவாரியாகத்தான். ராபன் தீவின் உணவுப் பட்டியலில் இந்தியருக்கும் கலர்ட்களுக்கும் ரொட்டியும் ஜாமும் உண்டு. ஆப்பிரிக்கருக்கு இரண்டும் கிடையாது. மண்டேலாவுக்குக் கொடுத்தது அரைக்கால் சட்டை. அவரோடு ஒரே வழக்கில் ஒரே தண்டனை வாங்கிய அகமது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை, ஏனென்றால் அவர் இந்தியர். கறுப்பன் எத்தனை வயதானாலும் பையன்தான் என்று சட்டை தைத்தவனுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

காந்தியும் இந்தக் கோட்டையில் அடைபட்டவர். அவருக்காகக் கண்காட்சியே உண்டு; நம் குழுக்கள் அங்கே கும்பிட்டுவிட்டுப் பெருமிதத்தோடு வெளியே வருவார்கள். கும்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் 1908-இல் சிறை அனுபவத்தைத் தன் பத்திரிகையில் எழுதியபோது, ஆப்பிரிக்கர்களோடு சேர்த்து அடைத்ததைத்தான் அவர் பெரிய அவமானமாக எழுதினார். நடுப்படியில் நிற்கிறவனின் குரல் அது. மகாத்மா ஆவதற்கு முந்திய மனிதரின் குரலும்தான். இங்குள்ள இந்தியரின் தலைமை அந்தப் படியை விட்டு இறங்க நாற்பது ஆண்டு ஆயிற்று. 1947 மார்ச்சில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் க்ஷூமா, இந்தியக் காங்கிரஸின் டாக்டர் யூசுஃப் தாதூ, டர்பன் தமிழரான டாக்டர் மான்டி நாயக்கர் மூவரும் சேர்ந்து போராடுவதென்று கையெழுத்திட்டார்கள். அதற்கு எதிர்வினையும் ஆட்சியிடமிருந்து வந்தது. 1984-இல் வெள்ளையர், கலர்ட், இந்தியர் என்று மூன்று சபைகளுள்ள பாராளுமன்றம் அமைத்து, பெரும்பான்மைக் கறுப்பர்களுக்கு ஒன்றுமே இல்லாமல், நமக்கு ஒரு சபையை நீட்டினார்கள். அதில் போய் உட்கார்ந்த இந்தியர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நாள், அந்த வாக்குச்சாவடிகள் காற்று வாங்கிய நாள்தான்.

அதே வளாகத்தில் இப்போது அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. விசாரணைக் கைதிகளை அடைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களையே நீதிமன்றச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். மரண தண்டனை செல்லாது என்று 1995-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் இது. உள்ளே இலவசமாகப் போய் உட்காரலாம். இந்த நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழையும் தெலுங்கையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. குழுவில் இருக்கும் தமிழாசிரியர்கள் இதைக் கேட்டதும் படம் எடுக்கத் தேடுவார்கள். அது சுவரில் இல்லை, புத்தகத்தில்தான் இருக்கிறது.

சாப்பாட்டுப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. சொவெட்டோவில் மதியம் சாப்பிட மறுத்து, புளியோதரைப் பொட்டலத்தை வேனுக்குள் பிரிக்கிற குழுக்களை நான் அறிவேன். கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து உருளைக்கிழங்கு வறுவலை அடைத்து விற்கும் ‘கோட்டா’வை வாங்கிப் பாருங்கள், இறைச்சி வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். அதற்குள் அவர்கள் வைக்கும் மாங்காய் ஊறுகாயின் பெயர் ‘அச்சார்’. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கடைக்காரருக்குக் கவலையில்லை, எங்கள் ஊறுகாய் என்பார். தகராறு செய்யாமல் சாப்பிடுங்கள்.

இவ்வளவும் முடிய மணி இரண்டு ஆகும். ஷாப்பிங்கைச் சற்றுத் தள்ளிப்போட முடியுமானால், கான்ஸ்டிடியூஷன் ஹில்லிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அது வருவதில்லை. தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனவர்களுக்குப் பழக்கமான பெயர். பிறந்தது இந்த ஜொகன்னஸ்பர்க்கில். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913-இல் தீர்ப்பு வந்தபோது, எல்லை தாண்டிப் போராடிய டிரான்ஸ்வால் மாகாணப் பெண்களோடு போய்ச் சிறைப்பட்டார். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், தன் பதினாறாம் பிறந்தநாளன்று இறந்தார். இனஒதுக்கல் ஆட்சி வருவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அந்த ஏணியின் முதல் மரங்களை அப்போதே அறுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் பெரியது, மரங்கள் அடர்ந்தது, நீங்களாகத் தேடினால் கல்லறை கிடைக்காது. வாசலில் இருக்கும் அலுவலகத்தில் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மாலையாகிவிட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேன் ஓட்டுநரிடம் முந்தைய நாளே சொல்லி வைத்துவிடுங்கள்; கூடுதல் நேரத்துக்கு அவருக்குத் தர வேண்டியதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேனின் ஓரத்து இருக்கைக்காரன்,
ஜொகன்னஸ்பர்க்